வெர்னாவுக்கு எழுநூற்றைம்பது வாட்

பாதி வேலையில் கணினி பொசுக்கென்று அணைந்துபோனதை ஓரெஸ்ட் ஒரு பழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் முகத்துக்கு நேரே விழுந்த வசவாக எடுத்துக்கொண்டார். நியாயம்தான். வேலையில் இருந்த காலமெல்லாம் மாகாண மின்வாரியத்தில் லோடு கணக்குப் போட்டவர் அவர். எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை அடுப்பு, குளிர் மைனஸ் முப்பதைத் தொடும்போது எத்தனை பேர் என்ஜின் உறையாமலிருக்கக் காரை பிளக்கில் மாட்டுவார்கள் என்று கூட்டிப் பார்த்து, இந்த ஊருக்கு இவ்வளவு மின்சாரம் போதும் என்று கையெழுத்துப் போட்டு வந்தவர். சொந்த வீட்டு நிலவறையில், சொந்தக் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய கணினிக்கு மின்சாரம் போதவில்லை என்றால் அவர் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

மேலே சமையலறையில் கரண்டி மேசையை இரண்டு முறை தட்டியது. வெர்னா கூப்பிடுகிறாள். ஜனவரியில் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் கூப்பிடுவது இப்படித்தான். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இங்கே வா. மூன்று என்றால் ஓரெஸ்ட் ஏதோ தப்பு செய்திருக்கிறார், என்னவென்று அவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் மேலே போனார். வெர்னா கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த சின்ன வெள்ளைப் பலகையைத் திருப்பிக் காட்டினாள். "குரல் ரெடியா?"

"இன்னும் இல்ல. பாதியில நின்னுபோச்சு. பவர் பத்தல."

அவள் துடைத்துவிட்டு எழுதினாள். "மின்வாரியத்துல தெரிஞ்சவங்க இருந்தா சொல்லிப் பாரேன்."

மேசையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் உருண்டைகளைக் காலி செய்துகொண்டிருந்த மார்செல் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். மார்செல் அடுத்த தெருக்காரர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வெல்டிங்கும் தச்சு வேலையும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணினி பூட்டுவது இரண்டு பேருக்கும் பொதுவான பைத்தியம். சேர்ந்தாற்போல் இரண்டு விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போய் யாரும் பார்த்ததில்லை.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேடா," என்றார் மார்செல். "அவ்ளோ பெரிய கிராஃபிக்ஸ் கார்டை வாங்கிக் கொண்டாந்து அந்த நோஞ்சான் பவர் சப்ளையில மாட்டுறியே, தாங்காதுன்னு. கேட்டியா?"

"ஐந்நூத்தம்பது வாட் நோஞ்சானா? கணக்குப்படி சரியாத்தான் இருந்துச்சு."

"உன் கணக்கு கீழ ஸ்கிரீன்ல கறுப்பா கிடக்குது, போய்ப் பாரு. ஆயிரம் வாட் வாங்கு. நிம்மதியா இரு."

"ஆயிரமா? எதுக்கு, நீ இங்க வந்து வெல்டிங் அடிக்கவா?"

"கொஞ்சம் மிச்சம் இருந்தா என்ன குறைஞ்சு போகுது? உன் பேன்ட்டு மட்டும் இடுப்புக்கு ரெண்டு சைஸ் பெருசு."

ஓரெஸ்ட் பேனாவை எடுத்தார். கார்டுக்கு முந்நூற்றிருபது. மூளைச் சில்லு முழு மூச்சில் ஓடினால் நூற்றெண்பது. விசிறி, மதர்போர்டு, நினைவகம் எல்லாம் சேர்த்து நாற்பது. ஆக ஐந்நூற்று நாற்பது. தன் கூட்டல் எங்கே இடறியது என்பது அவருக்கு இப்போது தெரிந்தது. கார்டு சில சமயம் கண்சிமிட்டும் நேரத்துக்கு எகிறி இழுக்கும். பழைய பவர் சப்ளைப் பெட்டி அந்த எகிறலில்தான் கையைத் தூக்கிவிட்டிருக்கிறது. எகிறலுக்கும் இடம் விட்டு, பெட்டி மூச்சுத் திணறாமல் நடுவாந்திரமாக ஓடவும் இடம் விட்டுப் பார்த்தால் எழுநூற்றைம்பது. அதற்கு மேல் வாங்குவது மார்செல் மாதிரி ஆட்கள் செய்யும் வேலை.

"எழுநூத்தம்பது," என்றார், தீர்ப்புச் சொல்லும் குரலில்.

வெர்னா பலகையைக் காட்டினாள். "என் குரலுக்கா, வீட்டுக்கா?"

"உன் குரலுக்குத்தான்."

"பரவாயில்ல. கல்யாணத்துக்கப்புறம் எனக்கு நீ வாங்குற பெரிய பொருள் இதான்."

சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெர்னா சாஸ்கட்டூன் நகரத்தில் பள்ளிப் பேருந்துகளுக்கு ரேடியோவில் உத்தரவு சொல்லும் டிஸ்பாட்ச் வேலையில் இருந்தவள். பனிப்புயலில் சாலை தெரியாமல் நின்றுபோன ஓட்டுநர்களுக்கு, வண்டி நிறைய அழும் பிள்ளைகளோடு தவித்தவர்களுக்கு, அவள் குரல்தான் சாலை. கனமான குரல். நடுவில் ஒரு கரகரப்பு. கேலி பண்ணும்போது அந்தக் கரகரப்பு இன்னும் கொஞ்சம் இறங்கும். அதைக் கத்தி வைத்து எடுக்கத்தான் வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அவளைவிட ஓரெஸ்ட்தான் அதிகம் வெளிறிப்போனார்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு வழி சொன்னாள். அறுவைக்கு முன்னால் அவர்கள் தரும் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், கணினி அதைக் கேட்டுக் கேட்டு அவள் குரலையே செய்துவிடும். பிறகு வெர்னா விசைப்பலகையில் எழுத்தைத் தட்டினால் அவள் குரலிலேயே பேசும். அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன, பதிவை அனுப்பினால் போதும். ஓரெஸ்ட் ஒப்பவில்லை. "என் பொண்டாட்டி குரலை எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல கொண்டுபோய் வைக்கணுமா? நானே பண்றேன்." வெர்னா சரி என்றாள். அதில் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஏன் என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

டிசம்பர் முழுக்கப் பதிவு நடந்தது. வாசல் பக்கம் கோட்டு மாட்டும் அலமாரிக்குள் வெர்னா முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். சுற்றிலும் தொங்கும் கனத்த கோட்டுகள் எதிரொலியைத் தின்றுவிடும்; வெளியே அவள் பேச்சு வெறும் முணுமுணுப்பாகத்தான் வரும். வீட்டுக்குள் குரல் பதிகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இரையும் என்பதால் அதை அணைத்துவிடுவார்கள். கோட்டு போட்டால் சரசரக்கும் என்பதால் அவள் கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, உள்ளே நடுங்கிக்கொண்டே படிப்பாள். அலமாரிக் கதவுக்கு வெளியே ஓரெஸ்ட் மேசை போட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பச்சைக் கோடு எழும்பி இறங்கும். சிவப்புக்குப் போனால் பதிவு கெட்டுவிட்டது என்று அர்த்தம். அவர் ஒரு நாளும் சிவப்புக்குப் போக விடவில்லை. ஹெட்போன் கழுத்தில் கிடக்கும். காதில் மாட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் பனி தள்ளும் இயந்திரத்தைக் கிளப்புவது கேட்காதே, கோடு பார்த்தாலே போதாதா என்பது அவர் நியாயம்.

பதிவுகளை வைத்த விதத்திலும் அவர் படு ஜாக்கிரதை. இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். குரல் செய்யும் நிரலில் பதிவுகளை ஏற்றியபோது, பட்டியலில் இல்லாத துண்டுகள் சில இருக்கின்றன, சேர்க்கலாமா ஒதுக்கலாமா என்று அது கேட்டது. இருமலாக இருக்கும், தொண்டையைக் கனைத்ததாக இருக்கும் என்று ஒதுக்கு என்பதை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

புதுப் பவர் சப்ளை வந்த அன்று மதியம் வெயில் கண்ணைப் பறித்தது, குளிர் மூக்கைப் பறித்தது. ஓரெஸ்ட் சிறுபிள்ளைக் குதூகலத்தோடு பெட்டியை நிலவறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பழையதைக் கழற்றினார். மதர்போர்டுக்குப் போகும் பெரிய ஒயரையும் கார்டுக்குப் போகும் ஒயர்களையும் புதிதாகவே மாட்டினார். மிச்சம் ஒன்றுதான். ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் போகும் ஒயர்.

அந்த ஒயர் அவருடைய பெருமை. பின்பக்கத் தகட்டுக்குப் பின்னால், மூலைக்கு மூலை மடித்து, இடைவெளி பிசகாமல் கறுப்பு நாடா போட்டுக் கட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஓடவிட்டிருந்தார். கணினி பூட்டுகிறவர்களின் இணையக் குழுவில் படம் போட்டபோது ஊர் பேர் தெரியாத ஆட்களெல்லாம் வந்து புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அதைப் பிரிக்க மனசு வருமா? புது ஒயரை எடுத்து முதலிலிருந்து கட்ட வேண்டுமா? பழைய ஒயரின் முனையை எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. க்ளிக் என்று ஒரு சத்தம் வேறு. அந்தச் சத்தம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

சுவிட்சை அழுத்தினார்.

டப்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. சோளம் பொரியும் சத்தம்தான். விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றது. ஓரெஸ்ட், மூளை இருக்கிற யாரும் செய்யாத காரியமாக, இன்னொரு முறை அழுத்தினார். மறுபடியும் டப். அதற்குப் பிறகுதான் வாசனை வந்தது. கருகிய பிளாஸ்டிக்கும் மீனும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எத்தனையோ துணைமின் நிலையங்களில் அதை அவர் முகர்ந்திருக்கிறார். அது வந்த இடத்தில் ஏதோ ஒன்று திரும்பி வராது.

அவர் கண் மேசைக்குப் போனது. புதுப் பெட்டியோடு வந்த ஒயர்ப் பை ஒன்று பிரிக்காமல் கிடந்தது. அதன்மேல் சிவப்பு எழுத்தில், இந்தப் பெட்டிக்கு இந்த ஒயர்களை மட்டுமே மாட்டவும் என்று அச்சடித்திருந்தது.

அவருக்குத் தெரியும். இதுதான் கொடுமை, அவருக்கு நன்றாகத் தெரியும். ஒயரின் கணினிப் பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. பெட்டிப் பக்கத்து முனையில் எந்தத் துளையில் எந்த மின்னழுத்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆனாலும் பொருந்திவிடும். ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போகும். போன மாதம்கூட அதே இணையக் குழுவில் எவனோ ஒரு விடலையைப் பிடித்து, பழைய ஒயரைப் புதுப் பெட்டியில் மாட்டுகிறவன் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே லாயக்கில்லை என்று அவரே எழுதியிருந்தார். அதற்கும் நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

ஒயர்ப் பையைப் பிரித்தார். மூலை மடிப்பும் நாடாவும் யாருக்கு வேண்டும், அந்த அழகான ஒயரைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினார். அழுத்தினார். கணினி பொம்மை மாதிரி எழுந்து உட்கார்ந்தது. விசிறிகள் ஓடின. கார்டு ஓடியது. எழுநூற்றைம்பது வாட் என்று அவர் போட்ட கணக்கில் ஒரு குறையும் இல்லை. எல்லாமே ஓடின, ஹார்ட் டிஸ்க் இரண்டைத் தவிர. திரையில் அவை இருந்த இடமே இல்லை. குனிந்து காதை வைத்துப் பார்த்தார். ஒன்றில் முனகல் இல்லை. மற்றதிலும் இல்லை.

இரண்டு இருந்தால் பத்திரம் என்று நினைத்தவர், இரண்டையும் ஒரே கணினிக்குள், ஒரே ஒயரில் கோத்து வைத்திருந்தார். நிலவறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெர்னாவின் தொண்டையில் இருந்ததை மருத்துவர் எடுத்தார். வெளியே மிச்சம் இருந்ததை அவர் எடுத்துவிட்டார்.

மேலே கரண்டி இரண்டு முறை தட்டியது.

படியேறிப் போனவரின் முகத்தைப் பார்த்ததுமே வெர்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெர்னா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"பழைய ஒயரை மாட்டிட்டேன். டிஸ்க் ரெண்டும் போச்சு. உன் பதிவு அதுலதான் இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல."

அவள் அழவில்லை, கையில் இருந்ததை எறியவும் இல்லை. கழுத்துக்குழியில் மூச்சுக்காகப் போட்டிருந்த துளையிலிருந்து காற்று மட்டும் வேகமாக வந்து போனது. பிறகு பேனாவை எடுத்தாள்.

"நான் என்ன சொன்னேன்?"

அவருக்குப் புரியவில்லை. "எதுல?"

"பதிவுல. டிசம்பர் பூரா பேசினேனே. ஒண்ணு சொல்லு."

"அது லிஸ்ட்ல இருந்ததுதானே வெர்னா. பால் தீர்ந்து போச்சு, கதவை மூடு, அந்த மாதிரி..."

அவள் தலையை ஆட்டினாள். அழுத்தி எழுதினாள், பேனா கிறீச்சிட்டது. "அது லிஸ்ட். நான் என்ன சொன்னேன்?"

அதிர்ச்சியில் இவளுக்கு மனசு தடுமாறுகிறது என்று ஓரெஸ்ட் நினைத்தார். தினமும் அலமாரிக்கு வெளியே உட்கார்ந்தவர்தானே, ஒரு வரியாவது நினைவுக்கு வரும் என்று தேடிப் பார்த்தார். பச்சைக் கோடு ஏறியது, இறங்கியது. அதுதான் வந்தது. அவள் குரல் வரவில்லை. மனைவியின் கடைசிப் பேச்சுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் தன்னிடம் அதில் ஒரு வார்த்தை இல்லை என்பது அவரைப் பேயறைந்த மாதிரி நிற்க வைத்தது.

வெர்னா பலகையைத் துடைத்தாள். "கார்டு எத்தனை வாட்?"

"முந்நூத்திருபது," என்றார். யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

அவள் பலகையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.

மறுநாள் மார்செல் வந்தார். தொலைபேசியில் ஓரெஸ்ட் விஷயத்தைச் சொன்னபோது வழக்கமான கிண்டல் எதுவும் வரவில்லை. மார்செல் நிலவறைக்கு வந்ததும் டிஸ்க்குகளைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருந்த பச்சைத் தகட்டை விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார்.

"ஏன்டா, நீ போயி இதைப் பண்ணினியா?"

"பண்ணினேன்."

"ஒயரு கட்டின அழகு கெட்டுடும்னு?"

"ஆமாங்கிறேனே. விட்டுடேன்."

மார்செல் விட்டுவிட்டார். "கேளு. பன்னெண்டு வோல்ட் உள்ள வந்தா தான் செத்து மத்ததைக் காப்பாத்துறதுக்குன்னே இதுல ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு வெச்சிருப்பான். அது செத்திருந்தா, கிள்ளி எடுத்துட்டு ஒழுங்கான ஒயரை மாட்டினா டிஸ்க் எழுந்துக்கும். அது காப்பாத்தலைன்னா முடிஞ்சுது. நானா நீயா?"

ஓரெஸ்ட் விளக்கை மார்செல் பக்கம் நகர்த்தினார். "நீயே பண்ணு."

முதல் டிஸ்க்கில் கறுப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் இருந்த சில்லே வெடித்துப் பள்ளமாகிக் கிடந்தது. இருந்தாலும் மார்செல் கிள்ளிப் பார்த்தார். மாட்டினார். ஒன்றும் இல்லை. ஓரெஸ்ட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவதில் மார்செல் மீட்டரை வைத்தார். பொட்டு மட்டும் செத்திருந்தது. கத்தரித்து எடுத்தார். புது ஒயரில் மாட்டிவிட்டு, "நீ அழுத்து," என்றார். "உன் எழுநூத்தம்பதுதானே."

ஓரெஸ்ட் அழுத்தினார்.

முதலில் எதுவும் இல்லை. பிறகு மெல்லிசாக ஒரு முனகல், அது ஏறி ஏறி ஒரே சுருதியில் நின்றது. திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது. ஓரெஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மார்செல் அதைப் பார்க்காத மாதிரி கையில் இருந்த கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல காப்பி எடு. வெளி டிஸ்க்ல ஒண்ணு, என் வீட்டுக்கு ஒண்ணு. இனிமே உன்னை நம்ப முடியாது."

காப்பி ஓடத் தொடங்கியது. கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாகப் போயின. நடுவில் ஒரு கோப்புறை, நிரல் ஒதுக்கி வைத்த துண்டுகள். இருமலும் கனைப்பும்தானே என்று கடந்துபோயிருப்பார். ஆனால் அவள் நேற்று எழுதியது கண்முன் நின்றது. அது லிஸ்ட். நான் என்ன சொன்னேன்?

ஹெட்போனை எடுத்தார். முதல் முறையாக அதைக் காதில் மாட்டினார்.

முதல் துண்டு. கம்பளி உரசும் சத்தம். பிறகு அந்தக் கரகரப்பு, காதுக்குள்ளேயே. "ஓரெஸ்ட், இது லிஸ்ட்ல இல்ல. காதுல மாட்டியிருந்தா கதவை ஒரு தட்டு தட்டு." நிசப்தம். அவள் மூச்சு மட்டும். "தட்டல. சரி. அடுத்தது."

அவர் அடுத்ததைத் திறந்தார்.

"டிஸ்பாட்ச் பேசுறேன். வெளியில உக்காந்திருக்கிற வண்டி, கேக்குதா?" நிசப்தம். ஒரு சின்னச் சிரிப்பு. "சிக்னல் இல்ல போல."

இன்னொன்று. "இடைவேளையில நீ வெளியில மார்செல்கிட்ட போன்ல வாட் கணக்கு பேசுறது கதவு வழியா எனக்கு நல்லா கேக்குது. ஐந்நூத்தம்பது போதும்கிறே, அவன் போதாதுங்கிறான். நான் பேசுறது உனக்குக் கேக்கல. வேடிக்கையா இல்ல?"

ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்லியிருந்தாள். கல்யாணமான புதிதில் அவர் பனியில் வண்டியைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கியதைப் பற்றி ஒரு நாள். தொண்டை வலிப்பதை அவரிடம் மறைத்ததைப் பற்றி ஒரு நாள். பயமாக இருக்கிறது என்று ஒரு நாள், அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. எல்லாவற்றின் முடிவிலும் அதே நிசப்தம், அவள் காத்திருக்கும் நிசப்தம்.

ஏன் எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பாமல் இவரே செய்யட்டும் என்று அவள் சந்தோஷப்பட்டாள் என்பது அவருக்கு இப்போது புரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்பதற்கு ஒருவர் இருப்பார் என்று நினைத்திருக்கிறாள்.

கடைசித் துண்டு. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி. அப்புறம் நான் பேசுறது உன் மெஷின்ல இருந்துதான் வரும். அப்ப நீ கவனமா கேப்பே, உன் மெஷினாச்சே. இப்ப ஒரே ஒரு தட்டு தட்டேன், ஓரெஸ்ட்."

நிசப்தம் மற்ற நாட்களைவிட நீண்டது. அதற்குள் தூரத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். அது தன் இருமல்தான் என்று அவருக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு கதவு திறக்கும் சத்தம், மைக்கை விட்டு விலகிப் போகும் வெர்னாவின் குரல். "முடிஞ்சுது. ஃபர்னஸைப் போடு, குளிருது."

அதற்கு ஓர் ஆண் குரல், ரொம்பத் திருப்தியாக. "லெவல் அருமையா வந்திருக்கு."

பதிவு அங்கே முடிந்தது.

ஓரெஸ்ட் ஹெட்போனைக் கழற்றவில்லை. மார்செல் எதிரே வந்து நின்று கையை ஆட்டியபோதுதான் ஒரு பக்கத்தை விலக்கினார்.

"என்னடா ஆச்சு, மூஞ்சி இப்படி இருக்கு? குரல் கெட்டுப்போச்சா?"

"இல்ல. ஒண்ணுகூட கெடல. எல்லாம் தெளிவா இருக்கு."

"அப்புறமென்ன?"

அவர் எழுந்து படியேறினார். வெர்னா சமையலறையில் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, மாவை வட்டமாகத் தட்டி உருளைக்கிழங்கு வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். பலகை நேற்று வைத்த இடத்திலேயே மேசைமேல் கிடந்தது. அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. விரலை மடக்கிக் கதவுச் சட்டத்தில் தட்டினார்.

ஒரு தட்டு.

அவள் கை நின்றது. கழுத்துக்குழியில் காற்று ஒரு தரம் நீளமாக வந்து போனது மட்டும் அவருக்குக் கேட்டது. பிறகு மாவுக் கையோடு பலகையை இழுத்து எழுதி, அவர் பக்கம் திருப்பினாள்.

"வண்டி ரொம்ப லேட்."

"தெரியும்," என்றார் ஓரெஸ்ட்.

வெர்னா அவரையே பார்த்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் மாவு ஒட்டிக்கொண்டது. பிறகு கரண்டியை எடுத்து மேசையில் இரண்டு முறை தட்டினாள்.